எத்தனை நாள் வேண்டுமானாலும்

காலை ஏழு மணிக்கு டெலிபோன் அடித்தால் அது அமெரிக்காவாகத்தான் இருக்கும். தொண்டாமுத்தூரில் ஈஸ்வரமூர்த்தியோடு பேச நினைப்பவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆறு மாதமாக அந்த மணிச்சத்தத்துக்கு ஓடி ஓடி, மாட்டுச்சாளையிலிருந்து கூடத்துக்கு ஐந்தாவது மணிக்குள் வந்து சேரும் வித்தையை ஐம்பத்தெட்டு வயதில் அவர் கற்றுக்கொண்டிருந்தார். அன்றைக்கு சனிக்கிழமை, ஆகஸ்ட் பத்து, தொண்ணூற்றாறு. கையில் பால் சொம்பு. தோளில் மனைவியின் பழைய நூல் சேலை. சேலை எதற்கு என்பதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அப்பா, நேத்து நீங்க அனுப்புன லெட்டர் ஆகாதாமாங்க."

மகள் புவனா. நியூஜெர்சியில் அப்போது வெள்ளிக்கிழமை ராத்திரி. அங்கே இன்னும் நேற்றாகவே இருக்கிறது என்பதில் அவருக்கு எப்போதும் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. எந்தக் காரியத்துக்கும் அவர்களுக்கு ஒன்பதரை மணி நேரம் மிச்சம் இருக்கிறதே.

"ஏங் கண்ணு, இங்கிலீசு தப்பா?"

"இங்கிலீசெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. விசயந்தான் ஆகாது. வக்கீலம்மா படிச்சுப்போட்டு, 'உங்கப்பா உங்கம்மாவ எங்க கவர்மெண்ட்டுக்கே குடுத்துப்போட்டாரா'ன்னு கேக்கறாங்க."

விவகாரம் இதுதான். புவனாவுக்குத் தலைப்பிரசவம். மூன்றாம் மாதத்திலேயே படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட, பிப்ரவரியில் பூவாத்தாள் விமானம் ஏறினாள். இறங்கிய இடத்தில் ஒரு வெள்ளைச் சீட்டைப் பாஸ்போர்ட்டில் குத்தி, ஆகஸ்ட் பதினாலு வரைக்கும் இருக்கலாம் என்று தேதி போட்டுக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் பிறக்க வேண்டிய பேத்தி அவசரக்காரி. ஜூன் மாதமே வந்துவிட்டாள். ஒன்றரைக் கிலோ கூட இல்லை. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு, பத்து நாளைக்கு முன்புதான் வீட்டுக்கு வந்திருந்தாள். மூச்சு நின்றால் கத்துகிற மெஷின் ஒன்றை நெஞ்சில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். யாராவது ஒருத்தர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். புவனாவுக்கு லீவு தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை மதன்குமார் லீவு கேட்டால் வேலையே தீர்ந்துவிடும். அந்த யாராவது ஒருத்தர் பூவாத்தாள்தான். அவளுடைய திரும்பும் டிக்கெட்டோ பன்னிரண்டாம் தேதிக்கு இருந்தது.

தங்குகிற நாளை நீட்டித் தரும்படி விண்ணப்பம் போடலாமாம். அதோடு ஊரிலிருந்து கணவர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டுமாம். ஈஸ்வரமூர்த்தி கொடுத்தார். இரண்டு நாள் யோசித்து, தனக்குத் தெரிந்த மரியாதையை எல்லாம் கொட்டி எழுதிய கடிதம் அது.

'அமெரிக்க தேசத்து மேன்மை பொருந்திய அதிகாரி அவர்களுக்கு, தொண்டாமுத்தூர் ஈஸ்வரமூர்த்தி வணக்கமாக எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். என் மனைவி தங்கள் தேசத்தில் தங்கியிருப்பது எங்களுக்குப் பெருமை. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். இங்கே ஒரு அவசரமும் இல்லை. வீடு, தோட்டம், மாடு எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் நடக்கிறது. தங்களுக்குத் தொந்தரவு என்று தோன்றினால் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும்.'

இதில் என்ன குற்றம் என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"மரியாதையா எழுதுனது தப்பா அம்மணி?"

"மரியாதை தப்பில்லீங்கப்பா. ஆனா அவங்களுக்கு வேண்டியது வேற. அம்மா ஊருக்குத் திரும்பி வந்தே ஆகோணும், அம்மா இல்லாம அங்க ஒண்ணும் நடக்கலைன்னு அவங்க நம்போணும். நீங்க ஒரு குறையும் இல்லைன்னு எழுதியிருக்கறீங்க. அப்ப இந்தம்மா எதுக்குத் திரும்பிப் போகும், இங்கயே தங்கிக்கும்னு நெனப்பாங்களாமா."

"திரும்பி வரோணும்னு சொன்னாத்தான் இருக்க உடுவாங்களா?"

"ஆமாங்கப்பா. திங்கக்கெழமை காத்தால அனுப்புனாத்தான் செவ்வாய்க்கெழமை போய்ச் சேரும். பொதன்கெழமை தேதி முடிஞ்சுரும். தாண்டிருச்சுன்னா இனிமே அம்மாவுக்கு விசாவே குடுக்க மாட்டாங்கன்னு பயமுறுத்தறாங்க. வேற லெட்டர் இன்னைக்கே எழுதிப்போடுங்கப்பா. அம்மா இல்லீன்னா என்னால முடியாதுங்கப்பா."

அப்புறம் மெஷின் கத்தியது. பூவாத்தாளின் குரல் தூரத்தில், "ஒண்ணுமில்ல, ஒயரு கழண்டுக்கிச்சு" என்றது. லைன் அறுந்துபோனது.

ஈஸ்வரமூர்த்தி சேலையைக் கொடியில் போட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தார். அவர் வளர்ந்த முறையில் ஒறம்பரையாகச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன பெண்டாட்டியை வரச்சொல்லி ஆள் விடுவது மகா கேவலம். அவருடைய சின்னம்மாவின் வீட்டுக்காரர் ஒருத்தர் மூன்றாம் நாளே மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றார். அவர் செத்துப் பத்து வருஷம் ஆகியும் கல்யாண வீடுகளில் அந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. பூவாத்தாள் எங்கே கிளம்பினாலும் ஈஸ்வரமூர்த்தி சொல்வது ஒன்றுதான். "இருந்துபோட்டு வா. இங்க என்ன சோலி?" முப்பத்திரண்டு வருஷமாக இதைச் சொல்லி, பெரிய மனுஷன் என்று பேரெடுத்தவர். இப்போது அந்தப் பேரைக் கொண்டுபோய் அமெரிக்காவில் தொலைக்க வேண்டும். அதுவும் இங்கிலீஷில்.

டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் யாகூப்பின் கடை. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., ஃபேக்ஸ், ஜெராக்ஸ், டைப்பிங் எல்லாம் பத்தடிக்கு எட்டடிக்குள் அடக்கம். யாகூப் ஒரு காலத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். நாலு வரியில் முடிகிற சங்கதியை நாலு பக்கத்துக்கு இழுக்கத் தெரிந்தவர், தேவைப்பட்டால் சுருக்கவும் தெரிந்தவர்.

"என்னங்கண்ணா, நேத்துத்தான வந்தீங்க. பதிலே வந்துருச்சுங்களா?"

"பெயிலாகிப் போச்சுங்க பாய். என்ற பொண்டாட்டிய நான் தாரவார்த்துக் குடுத்துட்டேன்னு சொல்லிப்போட்டாங்க."

யாகூப் சிரிக்கவில்லை. விவரம் கேட்டுக்கொண்டு வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டினார். "நீங்க தமிழ்ல எழுதுங்க. நான் இங்கிலீசுல போட்டுக்கறேன்."

ஈஸ்வரமூர்த்தி எழுதினார். நாலு ஏக்கர் தென்னை, ஒரு கிணறு, ஓட்டு வீடு. யாகூப் எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் பத்திரத்துல இருக்குதுங்கண்ணா. அக்கா இல்லாம என்ன ஆகுதுன்னு எழுதுங்க."

"ஒண்ணும் ஆகலீங்க."

"சரிங்க. அப்ப அக்கா இனிமே வராட்டியும் பரவால்லீங்களா?"

ஈஸ்வரமூர்த்தி பேனாவை மூடினார். திறந்தார். வெளியே ஒரு லாரி பின்னுக்கு வந்து, முன்னுக்குப் போய், மறுபடி பின்னுக்கு வந்தது. அது சந்திலிருந்து வெளியேறும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத ஆருங்க படிப்பாங்க?"

"அங்க ஆபீசுல ஒரு வெள்ளைக்காரன் படிப்பான். படிச்சு முத்திரை குத்திப்போட்டு, கட்டி வச்சுருவான். உங்க மூஞ்சி அவனுக்குத் தெரியாது. அவன் மூஞ்சி உங்களுக்குத் தெரியாது."

அந்த வார்த்தை அவருக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. முகம் தெரியாத ஒருத்தன். கல்யாண வீட்டுக்கு வரமாட்டான். கதை பரப்ப மாட்டான். ஈஸ்வரமூர்த்தி தாளைத் தன் பக்கம் இழுத்து, யாகூப்புக்குத் தெரியாதபடி இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். பரீட்சையில் கூட அவர் அப்படி மறைத்ததில்லை. மறைக்கிற அளவுக்கு அவரிடம் எதுவும் இருந்ததில்லை.

ஒரு மணிக்கு யாகூப் சாப்பிட்டுவிட்டு வந்தார். இவர் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு மூன்று பக்கத்தைத் தலை நிமிராமல் நீட்டினார்.

யாகூப் டைப்ரைட்டரில் தாளைச் செருகினார். முதல் பக்கம் மழை பெய்கிற மாதிரி ஓடியது. இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"அண்ணா, மாட்டுக்கு முன்னால சேலை போத்திக்கிட்டு உக்காருறீங்கன்னு இருக்குதுங்களே."

"ஆமாங்க."

"இதையும் அடிக்கோணுங்களா?"

"மாடு அவளுக்குத்தானுங்க பால் குடுக்கும். என்னையப் பாத்தா எட்டி ஒதைக்குது. சேலையத் தோளுல போட்டாத்தான் அந்த வாசத்துக்குக் கொஞ்சம் எறங்குது. பொய்யொண்ணும் இல்லீங்களே."

யாகூப் அடித்தார். பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. மூக்கை மட்டும் இரண்டு முறை உறிஞ்சினார். கடையில் தூசி என்றார்.

மூன்றரை மணிக்குக் கடிதம் தயார். மூன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.

கரண்ட் இல்லாத ஃபேக்ஸ் மெஷினைவிட அசையாத பொருள் உலகத்தில் கிடையாது. ஈஸ்வரமூர்த்தி அதற்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அங்கே இப்போது விடிகாலை, இன்னும் நேரம் இருக்கிறது என்று மனதுக்குள் கழித்துப் பார்த்தார். நாளை ஞாயிறு என்றதும் கழித்தல் தப்பியது. ஞாயிறும் கரண்ட் இல்லாவிட்டால், திங்கள் லைன் கிடைக்காவிட்டால், பூவாத்தாளைப் பெட்டியோடு விமானத்தில் ஏற்றிவிட்டு புவனா அந்த மெஷினையும் பிஞ்சையும் கட்டிக்கொண்டு ஒற்றையாய் உட்கார்ந்திருப்பாள். அதை நினைத்த கையோடு, அப்படியானால் புதன்கிழமை பூவாத்தாள் இங்கே வந்துவிடுவாளே என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அது ஓடிய வேகத்தைப் பார்த்து அவருக்கே வெட்கமாகிவிட்டது.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது. முதல் தடவை லைன் எடுத்தது, பாதிப் பக்கத்தில் விட்டது. இரண்டாம் தடவை ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி தூக்கக் கலக்கத்தில் 'ஹலோ' என்றாள். யாகூப் நம்பரைத் தப்பாக அழுத்தியிருந்தார். மூன்றாம் தடவை, நான்காம் தடவை எங்கேஜ். ஆறரை மணிக்கு மூன்று பக்கமும் ஒவ்வொன்றாக உள்ளே நகர்ந்து, மெஷின் 'ஓகே' என்று ஒரு துண்டுச் சீட்டைத் துப்பியது. ஈஸ்வரமூர்த்தி அந்தச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சித்தெ இருங்க, போய்ச் சேந்துச்சான்னு கேட்டுருவோம்" என்று யாகூப் நம்பரைப் போட்டு, அவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அனுப்பினார்.

"வந்துருச்சுங்கப்பா. மூணு பக்கமும் தெளிவா இருக்குது" என்றாள் புவனா. "சித்தெ லைன்லயே இருங்க. அம்மா பக்கத்துலதான் இருக்கறாங்க. விண்ணப்பத்துல கையெழுத்துப் போடறவங்க அம்மாதான. கூட என்னென்ன அனுப்பறோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும்னு வக்கீலம்மா சொன்னாங்க. ஒருவாட்டி வாசிச்சுக் காட்டிப்போடறேன்."

"வேண்டாங் கண்ணு" என்று ஈஸ்வரமூர்த்தி சொன்னார். ஆனால் புவனா ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

வெள்ளைக்காரன் படிப்பான் என்று மட்டுமே அவர் நினைத்திருந்தார். கையெழுத்துப் போடுகிறவள் யார் என்று நினைக்கவே இல்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் ஓட ஒரு இடமும் இல்லை. தலைக்கு மேல் மீட்டரின் சிவப்பு எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் அவருடைய கடிதம் யாகூப்பின் இங்கிலீஷிலிருந்து கழன்று, புவனாவின் வாயில் மறுபடி கொங்குத் தமிழாகி அவர் காதுக்கே வந்தது.

"'மார்கழி மாசத்துல நட்ட தென்னங்கன்னுல பதினோரு கன்ன யானை மிதிச்சுப்போட்டுது. மனைவிக்குச் சொல்லலை. சொன்னா வெசனப்படுவா.' அம்மா, இருங்கம்மா, முழுசும் படிச்சிர்றேன். 'ரசம் எறக்கும்போது வலது கை வெந்துபோச்சு. மூணு வாரம் எடது கையில சாப்புட்டேன். போன்ல கேட்டப்ப நல்லா இருக்கறேன்னு சொன்னேன். ஒறம்பரை வாராங்கன்னு தெரிஞ்சா தோப்புக்குள்ள போய் உக்காந்துக்கறேன். காபி கேட்டா எனக்குப் போடத் தெரியாது. எங்க வம்சத்துலயே வந்தவங்களுக்குக் கதவத் தெறக்காதவன் நான் ஒருத்தன்தான்.'"

புவனா நிறுத்தினாள்.  சேலை விஷயம் வந்தது. அதைப் படிக்கும்போது அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"'அவ இருக்கறப்ப நான் அவகிட்ட எச்சாப் பேசுனதில்லை. இப்பப் பேசறதுக்கு நெறைய இருக்குது. கேக்கத்தான் ஆளில்லை. அதுனால அவ திரும்பி வந்தே ஆகோணும்.' அவ்வளவுதாம்மா."

 ரிசீவரை யாரோ எடுத்தார்கள்.

"ஏனுங்க." பூவாத்தாள். "கையக் காட்டுங்க."

"போன்ல எப்படிப் புள்ள காட்டறது?"

"நான் கெளம்பறேனுங்க. பன்னண்டாந்தேதி டிக்கெட் அப்படியே இருக்குது. கையெழுத்துப் போட மாட்டேன்."

 காலையில் போட்ட கணக்குக்கு இது நேர்மாறு. அதிகாரி நம்ப வேண்டிய கடிதத்தை அதிகாரிக்கு முன்பே ஒருத்தி நம்பிவிட்டாள். பின்னால் "அம்மா, அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்று புவனா அழ ஆரம்பித்தது கேட்டது.

"அட, அது ஆபீசுக்கு எழுதுனது புள்ள. நாலு வார்த்தை எச்சாப் போட்டாத்தான் கேப்பாங்களாமா. எல்லாம் இந்த யாகூப் பாய் சேத்து அடிச்சது. நம்பாட்டிப் பாய்கிட்டயே கேளு."

கூண்டுக் கதவைத் திறந்து ரிசீவரை யாகூப்பின் கையில் திணித்தார். கண்ணாலேயே கெஞ்சினார். யாகூப் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார், கடை வாசலைப் பார்த்தார்.

"அக்கா, கை ஆறிருச்சுங்க. நானே பாத்தேன். தழும்பு மட்டுந்தான் இருக்குது." ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டார். "இல்லீங்கக்கா. நான் ஒண்ணும் சேக்கலீங்க. எழுதுனதத்தான் அடிச்சேன். கொஞ்சம் கொறச்சுக்கூட அடிச்சிருக்கறேன். உங்க மேல சத்தியமா."

ரிசீவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என்னங்கண்ணா பண்றது, அவங்க கேக்கற கேள்விக்குப் பொய் வர மாட்டேங்குது" என்றார்.

ஈஸ்வரமூர்த்தி கூண்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பொய் உதவாது என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

"புள்ள, கேளு. எழுதுனது அத்தனையும் நெசந்தான்."

"தெரியுமுங்க."

"நெசங்கறதுக்காவ நீ இப்ப வந்துராத. நீ வந்தா எனக்கு ரசம் கெடைக்கும். அங்க அந்தப் புள்ளைக்கு மூச்சு நின்னா ஆரு பாப்பா? நான் கையத்தான் சுட்டுக்கிட்டேன். நானென்ன ஒன்றரைக் கிலோவா?"

 பூவாத்தாள் மூக்கைச் சிந்துகிற சத்தம் வந்தது.

"மாட்டுக்கு என்னுங்க பண்றது?" என்றாள் கடைசியில்.

"சேலை இருக்குதல்ல. நல்லாவே பொருந்துது எனக்கு."

அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று இத்தனை தூரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. புவனா ரிசீவரை வாங்கினாள். "அப்பா, எந்தத் தேதி வரைக்கும்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. எல்லாரும் ஆறு மாசம் போடறாங்களாமா. ஆறுன்னே போட்டுரட்டுங்களா?"

முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் நாக்கு நுனியில் வந்து நின்றது. போட்டுக்க கண்ணு, இங்க என்ன அவசரம். வாயைத் திறந்தார். அது பாதி தூரம் வந்தும் விட்டது.

"மூணு" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "மூணு மாசம் போடு அம்மணி. கொழந்தை தேறிக்கும். அதுக்கு மேல என்னால முடியாது."

"சரிங்கப்பா" என்றாள் புவனா மெதுவாக. "நவம்பர் பதினாலு. ஆனா பதில் வர ரெண்டு மாசம் ஆகுமாமாங்க. ஒத்துக்குவாங்களோ என்னமோ. அதுவரைக்கும் அம்மா இருக்கலாமாமா."

"ஒத்துக்காட்டி?"

"அப்பப் பாத்துக்கலாங்கப்பா."

இன்னும் இரண்டு மாதம் காலை ஏழு மணிக்கு ஓட வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. அதிகாரி மூன்று பக்கத்தையும் படிப்பானா, சேலை வருகிற இடத்தில் என்ன நினைப்பான், அந்த ஊரில் மாடு உண்டா.

"அம்மா கையெழுத்துப் போட்டாச்சா?"

"பேனா எடுத்துட்டாங்க. போடறாங்க."

அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழுதது. பேத்தி பிறந்ததிலிருந்து அவள் அழுகையை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. பூனைக்குட்டி மாதிரி இருக்கும் என்று பூவாத்தாள் சொல்லியிருந்தாள். அப்படி இல்லை. நல்ல கோபக்காரக் குரல். நாற்காலி நகர்ந்தது. பூவாத்தாளின் கால் கொலுசு அறையைக் கடந்து ஓடியது.

"போட்டுட்டாங்கப்பா. போட்டுட்டுத்தான் ஓடறாங்க" என்றாள் புவனா. அவளும் ரிசீவரை மேஜைமேல் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

யாகூப் கண்ணாடியைத் தட்டி மீட்டரைக் காட்டினார். ஈஸ்வரமூர்த்தி ஒரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்றார். அழுகை அடங்கும்வரை ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.